ஏசி கழற்றிய ஜன்னல்

அந்த அக்காவை முதன்முதலாகப் பார்த்த அன்றே அவள் ஒருவனைச் செருப்பால் அடித்தாள்.

இரண்டாயிரத்து ஒன்பது. நானும் ஜோதியும் படப்பையில் ரூம் தேடி அலைந்துகொண்டிருந்தோம். இருவருக்கும் ஒரகடத்தில் கார் சீட் உறை தைக்கும் கம்பெனியில் வேலை கிடைத்துப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. எனக்குச் சங்கரன்கோவில் பக்கம், ஜோதிக்கு வத்தலக்குண்டு. ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது, குடித்திருந்த ஒருவன் ஜோதியின் இடுப்பில் கையை வைத்தான். ஜோதி கத்தவில்லை. ஊர் புதிது. யாரிடம் கத்துவது என்று தெரியவில்லை.

"டேய் பச்சைச் சட்ட, அங்கியே நில்லு. தோ வந்து செருப்பால அடிக்கப் போறேன்."

எதிர்ச் சாரியில் ஒரு வீட்டு கேட்டிலிருந்து அந்தக் குரல் வந்தது. ரோட்டில் போய்க்கொண்டிருந்த கண்டெய்னர் லாரியின் சத்தத்தைத் தாண்டி வந்தது. அவன் ஓடவில்லை. வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று நினைத்திருப்பான். நைட்டிக்கு மேல் துண்டு போட்ட ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், லாரிக்கு வழி விட்டு நிதானமாக ரோட்டைக் கடந்து வந்தாள். வலது கால் செருப்பைக் கழற்றினாள். "இப்போ கன்னத்துல" என்று சொல்லிக் கன்னத்தில் அடித்தாள். "இப்போ வாயில" என்று சொல்லி வாயில் அடித்தாள். அவன் உதடு கிழிந்து சட்டையில் ரத்தம் சொட்டியது. மூன்றாவது அடிக்கு அவள் எதுவும் சொல்வதற்குள் அவன் ஓடிவிட்டான். செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைத்துக்கொண்டே எங்களைப் பார்த்து, "ரூம் பாக்க வந்தீங்களா? எங்க வூட்ல மேல காலியா கீது, வாங்க" என்றாள்.

எதையும் சொல்லிவிட்டுத்தான் செய்வாள். அது அவள் பழக்கம். "தோ அரிசி களையப் போறேன்", "இப்போ மோட்டார் போடறேன், தண்ணி புடிச்சிக்கோங்க", "குளிக்கப் போறேன், யாரும் கேட்டைத் தட்டாதீங்க" என்று நாள் முழுக்க அறிவித்துக்கொண்டே இருப்பாள். நான்கு வீடு தள்ளியிருந்த கடைக்காரரிடம் வாசலில் நின்றபடியே இரண்டு தயிர் பாக்கெட் சொல்வாள். அவரும் அங்கிருந்தே தலையாட்டுவார். நாங்கள் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் இடம் அவள் வீட்டுக்கு நேர் எதிரில். சில நாள் ஜோதி டிபன் பாக்ஸை மறந்துவிட்டு வந்துவிடுவாள். ஐம்பது பேர் யூனிஃபார்மோடு நிற்கும் கூட்டத்தில், "ஜோதி, உன் புளிசாதம் மாடிப்படியில உக்காந்துகினு கீது" என்று குரல் வரும். ஐம்பது பேரும் சிரிப்பார்கள். ஜோதி முகம் சிவக்க ஓடிப்போய் எடுத்து வருவாள்.

ஒரு மழைக்காலத்தில் தண்ணீர் மோட்டாருக்கு அடியில் கண்ணாடிவிரியன் சுருண்டிருந்தது. நான் மாடியிலிருந்து பார்த்துவிட்டு அலறினேன். அக்கா கடப்பாரையை எடுத்து வந்தாள். "கத்தாத. ஒரே அடி, தலையில" என்றாள். சொன்னபடியே ஒரே அடிதான். தலை சிமெண்டோடு சிமெண்டாக நசுங்கிவிட்டது. உடம்பு மட்டும் வெகுநேரம் நெளிந்துகொண்டிருந்தது. அது அடங்கும்வரை அவள் அங்கேயே குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பயமும் இல்லை, பாவம் என்ற எண்ணமும் இல்லை. சமையலறையில் பால் பொங்குவதைப் பார்ப்பவள் மாதிரி இருந்தாள்.

இப்படிப்பட்டவளை ஒருவன் அடிப்பான் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அவள் புருஷனை நாங்கள் அப்போது சார் என்றுதான் கூப்பிட்டோம். இப்போது எழுதும்போது மரியாதை வர மறுக்கிறது. அவன் அப்பன் வழி நிலம் முழுவதும் கம்பெனிகளுக்குப் போயிருந்தது. அதில் இந்த வீட்டைக் கட்டினான், கார் வாங்கினான், மிச்சத்தைக் குடித்தான். பிறகு மனை புரோக்கர் ஆனான். காலையில் வெள்ளைச் சட்டை போட்டு வெளியே போவான், பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட வருவான். எங்களிடம் ரொம்ப மரியாதையாகப் பேசுவான். தங்கச்சி என்பான். மாடியில் தண்ணீர் வராவிட்டால் அவனே ஏறிப் போய்த் தொட்டியைப் பார்ப்பான்.

அவர்கள் படுக்கையறை ரோட்டைப் பார்த்த அறை. அதற்கு இருந்தது ஒரே ஜன்னல். அந்த ஜன்னல் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு பழைய விண்டோ ஏசி உட்கார்ந்திருந்தது. ஏதோ கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் வேண்டாமென்று கழித்ததை வாங்கிவந்து, வெளிச்சுவரில் இரும்பு ஆங்கிள் அடித்து மேலே தூக்கி வைத்திருந்தான். அதை ஓட்டினால் லாரி ஒன்று வீட்டுக்குள் வந்து நிற்கிற மாதிரி இருக்கும். எங்கள் ரூம் தரை அதிரும். தரையில் வைத்த டம்ளர் மெதுவாக நகர்ந்து போகும்.

நாங்கள் குடிவந்த புதிதில் ஒருநாள் அவனே சிரித்துக்கொண்டு சொன்னான், "இவ வாய்க்குப் பயந்துதாம்மா ஏசி போட்டேன். ஜன்னலத் தொறந்து வச்சா எங்க வூட்டு சங்கதி ஒரகடம் வரைக்கும் போயிடும்." நாங்கள் சிரித்தோம். பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அக்காவும் சிரித்தாள்.

மதியம் சாப்பிட்டு முடித்ததும் அந்த ஏசி ஓட ஆரம்பிக்கும். இரண்டாம் ஷிப்ட் வாரங்களில் நாங்கள் படியிறங்கும்போது அதன் பின்பக்கத்திலிருந்து அனல் காற்று முகத்தில் அடிக்கும். ஜோதி பெருமூச்சு விடுவாள். "கொடுத்து வச்சவங்கடி. உச்சி வெயில்ல ஏசியப் போட்டுட்டு படுத்திருக்காங்க" என்பாள். நானும் ஆமாம் என்பேன்.

காயங்கள் தெரியாமல் இல்லை. மணிக்கட்டில் கன்றிய தடம் இருக்கும். ஒருமுறை இடது காது கம்மலோடு கிழிந்து தையல் போட்டிருந்தது. ஒருமுறை பத்து நாள் நிமிரவே முடியாமல் நடந்தாள். கேட்டால் பேச்சை மாற்றுவாள். அரிசி களைவதை ஊருக்கே சொல்கிறவள் காது எப்படிக் கிழிந்தது என்று மட்டும் சொல்லமாட்டாள். அதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு விட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் மாசியில் அந்த ஏசிக்குள் கல்லைப் போட்டு உலுக்குவது மாதிரி ஒரு சத்தம் சேர்ந்துகொண்டது. குளிர்ச்சியும் வரவில்லை. மறைமலை நகரிலிருந்து ஒரு மெக்கானிக் டிவிஎஸ் வண்டியில் வந்தார். ஐம்பது வயது, மெலிந்த மனிதர். அன்று வார லீவு. நாங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வேடிக்கை பார்த்தோம். அவர் அதைக் கழற்றிப் பார்த்துவிட்டு, இதற்கு வயதாகிவிட்டது, புதிதாக ஒரு ஸ்ப்ளிட் ஏசி வாங்கிப் போட்டுவிடுங்கள் என்றார். ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாது, அவ்வளவு அமைதியாக இருக்கும் என்றார். வேண்டாம், இதையே ஓட வையுங்கள் என்றான் அவன். இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டியவர் இதற்குப் போய்க் கணக்குப் பார்க்கிறாரே என்று மெக்கானிக்குக்கு ஆச்சரியம்.

ஆனால் வேலையை அவர் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. காற்றாடியின் ஆட்டத்தைச் சரிசெய்தார். கம்ப்ரஸருக்கு அடியில் ரப்பர் தேய்ந்து இரும்பும் இரும்பும் இடித்துக்கொண்டிருந்தன. புது ரப்பர் போட்டார். ஆங்கிளுக்கும் பெட்டிக்கும் நடுவே டயர் துண்டு வெட்டி வைத்தார். சாயங்காலம் ஓட்டிக் காட்டும்போது அவருக்கே பெருமை. "கை வச்சுப் பாருங்க சார், அதிர்வே கெடையாது" என்றார். அவன் கை வைக்கவில்லை. முகம் சின்னதாகிவிட்டது. அக்கா கதவு நிலையைப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு நாள் கழித்து நாங்கள் அதைக் கேட்டோம்.

அந்த வாரம் எங்களுக்குக் காலை ஷிப்ட். மூன்று மணிக்குத் திரும்பி வந்து பாய் விரித்துப் படுத்திருந்தோம். முதலில் யாரோ பாயை உதறுகிறார்கள் என்று நினைத்தேன். சீராக வந்தது. நடுவில் நிற்கும். அப்போது அவன் குரல் கேட்கும், "போடுவியா மாட்டியா?" பிறகு இன்னொரு குரல், மெல்லிசாக, "மாட்டேன்." அது அக்காவின் குரல் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அவ்வளவு சின்னக் குரல் அவளிடம் இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க முடியாது. மறுபடி அந்தச் சத்தம். பிறகு எதுவோ சுவரில் மோதியது. தலை என்று எனக்குப் பட்டது.

ஜோதி எழுந்துவிட்டாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"நமக்கு எதுக்குட்டி? இந்த ரூம் போச்சுன்னா எங்க போவோம்?"

"கேக்குதுல்ல உனக்கு?"

"கேக்குது. உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். கீழே அது ஓயும்வரை நான் அவள் கையை விடவில்லை. என் நகம் பதிந்து அவள் கையில் நான்கு பிறை விழுந்திருந்தது.

மறுநாள் விடிகாலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அக்கா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கண் பாதி மூடியிருந்தது. தலையைத் தூக்காமல் கேட்டாள், "நேத்து மத்தியானம் தூங்கனீங்களா?"

ஜோதி என்னைப் பார்த்தாள். நான்தான் பதில் சொன்னேன். "நல்லாத் தூங்கிட்டோம்க்கா. இப்ப ஏசி சத்தம் இல்லல்லா."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்படியா" என்றாள். "சரி, தூங்குங்க."

அதற்குப் பிறகு அவன் டிவியை உச்சத்தில் வைக்கக் கற்றுக்கொண்டான். அதிலும் இடைவெளிகள் இருந்தன.

ஒரு மாதம் கழித்து அவளே ஜோதியிடம் சொல்லியிருக்கிறாள். அவள் அப்பா அவள் பேரில் எழுதிக் கொடுத்த எண்பது சென்ட் நிலம் ஒரகடம் ரோட்டை ஒட்டிக் கிடந்தது. இரண்டு பக்கமும் மனை போட்டு விற்றுவிட்டார்கள். நடுவில் அது மட்டும்தான் மிச்சம். அவனுக்கு அவள் கையெழுத்து வேண்டும். மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அம்மா வீட்டுக்குப் போய்விடலாமே என்று ஜோதி கேட்டதற்கு, "போனேன். ரெண்டு நாள் சோறு போட்டாங்க. மூணாம் நாள் எங்கண்ணனே வண்டியில ஏத்திக்கினு வந்து வுட்டுட்டுப் போயிட்டான்" என்றாளாம்.

சித்திரை வெயிலில் கம்ப்ரஸர் நின்றுபோனது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார். அவனும் வேறு வழியில்லாமல் புது ஸ்ப்ளிட் சொன்னான். பழையதை இறக்கிவிட்டு ஜன்னலைச் செங்கல் வைத்து மூடிவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

அன்று எங்களுக்கு இரண்டாம் ஷிப்ட். காலை பத்து மணிக்கு மெக்கானிக்கும் ஒரு ஆட்டோக்காரரும் சேர்ந்து அந்தப் பெட்டியை வெளியே இழுத்து இறக்கினார்கள். காம்பவுண்டுக்குள் சுவரோரமாக வைத்தார்கள். ஆங்கிளையும் கழற்றிப் பக்கத்தில் போட்டார்கள். சுவரில் இரண்டரை அடி அகலத்தில் ஒரு திறப்பு. அறைக்குள் வெளிச்சம் விழுந்தது. கட்டில், பீரோ, சுவரில் தலை உயரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு கறை எல்லாம் ரோட்டிலிருந்தே தெரிந்தன.

"இத்த மூடிட்டா இந்த ரூமுக்கு வேற ஜன்னல் ஏது?" என்று அக்கா கேட்டாள்.

"இல்லம்மா. ஸ்ப்ளிட்டுக்கு ஜன்னலே தேவையில்ல. பைப்பு போற அளவு ஓட்ட போதும்."

"சத்தம் போடாதாமே."

"உள்ள எது நடந்தாலும் வெளிய கேக்காது" என்று மெக்கானிக் சொன்னார். சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் காதைப் பார்த்தார். அந்தக் கறையையும் பார்த்திருக்க வேண்டும். பையை எடுத்துக்கொண்டு, புது ஏசியை நாளை வந்து மாட்டுகிறேன் என்று போய்விட்டார்.

பதினோரு மணிக்குக் கொத்தனார் வந்தார். அக்கா அவரை கேட்டிலேயே திருப்பி அனுப்பினாள். இந்த ஜன்னலை இன்றைக்கும் மூடக்கூடாது, நாளைக்கும் மூடக்கூடாது என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள். பிறகு மாடிப்படி அடியில் நின்று எங்களைக் கூப்பிட்டாள்.

"ஒரு மணிக்கு பஸ் ஸ்டாப்புல இருப்பீங்க இல்ல?"

இருப்போம் என்றேன்.

"இருங்க. இன்னிக்கு நான் பேசப் போறேன்."

அடுத்த ஸ்டாப்பில் போய் ஏறிக்கொள்ளலாமா என்று ஜோதியிடம் கேட்டேன். நீ வேண்டுமானால் போ என்றாள். நானும் அவளோடு அங்கேயே நின்றேன்.

பன்னிரண்டு மணிக்கு வந்த அவன் திறந்து கிடந்த ஜன்னலைப் பார்த்தான். கொத்தனாருக்கு போன் செய்து கத்தினான். கேட்டை உள்ளே பூட்டினான். அது தினமும் செய்வதுதான். வீட்டில் இருக்கும்போது கேட் பூட்டித்தான் இருக்கும். மாடியில் இருக்கிற எங்களுக்கு என்று ஒரு சாவி கொடுத்திருந்தான். பிறகு ஒரு பலகையைக் கொண்டுவந்து உள்ளேயிருந்து அந்தத் திறப்பை மறைத்தான். நாங்கள் ரோட்டைக் கடந்து ஸ்டாப்புக்கு வந்து நின்றபோது அந்தப் பலகை விலகி வெளியே விழுந்தது. அக்காவின் முகம் தெரிந்தது. இரண்டு கையாலும் ஜன்னல் சட்டத்தைப் பிடித்திருந்தாள்.

"கதவத் தாப்பா போட்டுட்டாரு" என்றாள்.

அதே குரல். தயிர் பாக்கெட் கேட்கிற குரல். அழுகை இல்லை, பதற்றம் இல்லை. ஸ்டாப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பையன்கள் சிரித்தார்கள், வழக்கம்போல யாருடைய டிபன் பாக்ஸோ என்று நினைத்து.

"பெல்ட்டைக் கழட்றாரு. எங்கப்பா எழுதிக் குடுத்த நிலத்துக்கு நான் கையெழுத்து போடலன்னு கழட்றாரு."

சத்தம் கேட்டது.

"இது முதுவுல."

மறுபடியும்.

"இதுவும் முதுவுல. பக்கிள்ஸ் இருக்கிற பக்கம்."

சிரித்த பையன்கள் நிறுத்திவிட்டார்கள். அவள் தலை பின்னால் இழுபட்டது. முடியைப் பிடித்து இழுக்கிறான். விரல்கள் சட்டத்தை விடவில்லை. முகம் மறுபடி ஜன்னலுக்கு வந்தது. நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

"இது தலையில. சுவத்துல மோதறாரு. இந்த மாதிரி மூணு வருசமா அடிக்கிறாரு. ஏசி சத்தத்துல உங்களுக்குக் கேக்கல. இப்போ கேக்குதா?"

அப்போது கம்பெனி பஸ் வந்து நடுவில் நின்று அவளை மறைத்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். ஒருவரும் ஏறவில்லை. என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தவர் இன்ஜினை அணைத்தார். அந்த அமைதியில் பெல்ட் விழும் சத்தம் பஸ்ஸைத் தாண்டி வந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் இடம் சொன்னாள். தோள். கை. மறுபடியும் கை, சட்டத்தைப் பிடித்திருந்த விரல்கள் மேல்.

ஐந்தாறு பையன்கள் பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு ஓடி கேட்டை உலுக்கினார்கள். காம்பவுண்டுச் சுவர் மேல் கண்ணாடித் துண்டு பதித்திருந்தது. ஏற முடியவில்லை. ஜோதி என் பக்கம் திரும்பினாள். சாவி என் சாப்பாட்டுப் பையில் இருந்தது.

நான்தான் போய் கேட்டைத் திறந்தேன். சாவி இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை திறந்தது.

அறைக் கதவை அவர்கள் நான்கே உதையில் உடைத்தார்கள். அவனைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்து காம்பவுண்டில் போட்டார்கள். கையில் இன்னும் பெல்ட் இருந்தது. முதலில் கையால்தான் அடித்தார்கள். பிறகு காலால். எல்லோரும் ஷிப்டுக்குக் கிளம்பியவர்கள், முனையில் இரும்பு வைத்த சேஃப்டி ஷூ போட்டிருந்தார்கள். அது முகத்தில் இறங்கியபோது வந்த சத்தத்தை நான் இன்னும் வேறெதிலும் கேட்டதில்லை. ஒருவன் கீழே கிடந்த இரும்பு ஆங்கிளை எடுத்து அவன் முழங்காலில் போட்டான். அந்தப் பையனை எனக்குத் தெரியும். தேனிப் பக்கம். அந்த வாரம்தான் அவனைக் காண்ட்ராக்ட் முடிந்தது என்று சொல்லி நிறுத்தப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். அடிக்கும்போது அவன் வேறு யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். ஜோதி தன் டிபன் கேரியரால் இரண்டு முறை அடித்தாள். சாம்பார் கொட்டி ரத்தத்தோடு கலந்தது.

கீழே கிடந்தவன் திருப்பி அடிப்பதையோ தடுப்பதையோ விட்டுவிட்டான். வாய் ஒரு பக்கமாகத் தொங்கியது. எனக்குப் பயம் வந்தது. செத்துவிடுவான் என்று தோன்றியது. ஜன்னலைப் பார்த்தேன். அக்கா அங்கேதான் நின்றாள். சட்டத்தில் கை வைத்து, கீழே நடப்பதைப் பார்த்துக்கொண்டு.

"அக்கா, நிறுத்தச் சொல்லுங்கக்கா" என்றேன்.

அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்தக் குரலுக்கு எல்லோரும் நின்றிருப்பார்கள். அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பவும் அவனைப் பார்த்தாள். வாயைத் திறக்கவே இல்லை.

நிறுத்தியது பஸ் டிரைவர்தான். உள்ளே வந்து, ஆங்கிளைப் பிடுங்கி எறிந்து, கொலைக் கேஸாகிவிடும், எல்லோரும் போய் வண்டியில் ஏறுங்கள் என்று கையைப் பிடித்துத் தள்ளினார். ஏறினோம். நூற்றியெட்டுக்கு அவரே போன் செய்தார். கம்பெனி வாசலில் ஒவ்வொருவராக இறங்கிக் கார்டு தேய்த்தோம். அன்று யாரும் லேட் இல்லை. நான் எட்டு மணி நேரம் சீட் உறை தைத்தேன். என் யூனிஃபார்ம் விளிம்பில் ஒரு ரத்தத் துளி இருந்ததை டீ நேரத்தில்தான் பார்த்தேன். பாத்ரூமில் போய்க் கழுவினேன்.

மறுநாள் காலை எஸ்.ஐ. வந்தார். அக்கா தலையில் கட்டோடு, விரல்களில் கட்டோடு, கேட்டருகே நின்று பதில் சொன்னாள். நாங்கள் மாடியில் நின்று கேட்டோம். புது ஏசியை மாட்ட வந்த மெக்கானிக் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

"பழைய ஏசிய எறக்கும்போது மேல வுழுந்துடுச்சி சார்" என்றாள் அக்கா. தெருவே கேட்டது. "அவர் கீழ நின்னுகினு தாங்கினாரு. நானும் புடிச்சேன், என் கையும் நசுங்கிடுச்சி."

எஸ்.ஐ. உடைந்த கதவைப் பார்த்தார். காம்பவுண்டில் கழுவியும் போகாத கறையைப் பார்த்தார். மெக்கானிக்கிடம், நீதானே இறக்கினாய் என்று கேட்டார். மெக்கானிக் அக்காவைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

"ஆமா சார். ஆங்கிள் துரு புடிச்சிகினு இருந்துச்சி. நான் கவனிக்கல. என் தப்புதான்."

கடைக்காரரும் அப்படித்தான் சொன்னார். எதிரில் பழம் விற்கும் அம்மாவும் அப்படித்தான் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் அவனிடமும் கேட்டார்களாம். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்ததால் பேச முடியாது. பக்கத்தில் நின்ற அக்காவை வெகுநேரம் பார்த்துவிட்டு ஆமாம் என்று தலையசைத்தானாம். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் அடித்தார்கள் என்றால் எதற்கு அடித்தார்கள் என்றும் சொல்ல வேண்டுமே.

புது ஏசியை மெக்கானிக் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஜன்னலுக்கு அக்கா கம்பி போட்டாள். கதவு போடவில்லை.

அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். இரண்டு மாதம் கஞ்சியும் ஜூஸும்தான். திறந்த ஜன்னல் வழியே பஸ் ஸ்டாப்பில் நிற்கும் எங்கள் எல்லோருக்கும் கேட்கும். "இப்போ கஞ்சி ஊத்தறேன். முழுங்கு." "இப்போ திருப்பிப் படுக்க வைக்கப் போறேன்." நல்ல மனசு, இவ்வளவு நடந்தும் எப்படிப் பார்த்துக்கொள்கிறாள் என்று பழக்கார அம்மா சொன்னார்கள். எனக்கு ஏனோ அந்தக் குரலை அதற்குமேல் கேட்க முடியவில்லை. அடுத்த வருஷம் நானும் ஜோதியும் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ரூம் மாறிவிட்டோம். கிளம்பும்போது அக்கா எங்கள் இருவருக்கும் புடவை எடுத்துக் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கும்போது, "நீ தொறந்தல்ல" என்றாள். அவ்வளவுதான்.

அதன் பிறகு ஒருமுறைதான் பார்த்தேன். இரண்டாயிரத்துப் பதினான்கில், என் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனேன். வீடு பூட்டியிருந்தது. கடைக்காரர் ஒரகடம் ரோட்டுக்கு வழி சொன்னார். அந்த எண்பது சென்ட்டைச் சுற்றி அக்கா முள்வேலி போட்டு, கம்பெனி பஸ்கள் நிறுத்தும் இடமாக்கியிருந்தாள். இருபது பஸ்ஸாவது நின்றன. நடுவே வெயிலில் நின்று, பின்னால் வரும் ஒரு பஸ்ஸுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தாள். "வா, வா, ஒடி, ரைட்டுல ஒடி" என்ற குரல் ரோட்டிலேயே கேட்டது. கொஞ்சம் பருத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அங்கிருந்தே, "தோ இந்த வண்டிய நிறுத்திட்டு வரேன், நில்லு" என்றாள்.

அவன் அவளுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தாடை ஒரு பக்கம் கோணியிருந்தது. முழங்கால் மடங்காததால் ஒரு காலை நீட்டியிருந்தான். என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை.

பஸ் வேலியை நெருங்கியது. நிறுத்தச் சொல்லி அக்கா கையைத் தூக்கினாள்.

அவன் நாற்காலியிலேயே குறுகி, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டான்.

அக்கா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ் நின்றது. அவள் கையை இறக்கினாள். அவன் விரல் இடுக்கு வழியே பார்த்துவிட்டு மெதுவாகக் கைகளை எடுத்தான். ஒரு மணிக்கட்டில் கன்றிய தடம் இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிய டிரைவர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார்.

அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை என்ன வேலை, குடிப்பாரா என்று கேட்டாள். பத்திரிகையை வாங்கித் தூரத்தில் பிடித்துப் படித்தாள். டீ வரவழைத்தாள். மூன்று டீ. அவன் கையில் அவளே கொடுத்தாள், சூடு என்று சொல்லிவிட்டு. நான் குடித்து முடித்து, கட்டாயம் வரவேண்டும் அக்கா என்று சொல்லி, வேலியைத் தாண்டி ரோட்டுக்கு வந்து ஷேர் ஆட்டோ ஏறினேன். அந்தத் தடத்தைப் பற்றி அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.